இடது ஏழு, வலது பத்து

என் முட்டாள்தனத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொன்னால், அதுவரை படித்தவர்கள் என்னைக் கொஞ்சம் விவரமானவன் என்று நம்பிவிடக்கூடும். காலுக்குள் ரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டிருந்த மூன்று நாளும், அதைக் கிரிவல வலி என்று நினைத்து, மச்சானைக் கூப்பிட்டு நல்லெண்ணெய் தேய்த்து அமுக்கச் சொன்னேன். மூன்றாம் நாள், கை அழுத்தம் போதவில்லை, சோறு சாப்பிட்டாயா இல்லையா என்று அவனைத் திட்டவும் செய்தேன்.

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. பௌர்ணமிக்கு மறுநாள் எங்கள் ஊரில் நேராக நடப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பதினாலு கிலோமீட்டர் வெறுங்காலோடு மலையைச் சுற்றிவிட்டு, பாதி ஊர் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அன்றைக்குக் காலுக்கு எண்ணெய் தேய்ப்பது பல் தேய்ப்பது மாதிரி. கால் வலிக்கிறது என்று யாரிடமாவது சொன்னால், எத்தனை மணி நேரத்தில் சுற்றி முடித்தாய் என்றுதான் கேட்பார்கள். டாக்டரிடம் போ என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள்.

சரி, ஒரு கால் மட்டும் வீங்கினால் வீட்டில் கவனிக்கமாட்டார்களா என்று கேட்பீர்கள். மற்றவர்கள் வீட்டில் கவனிப்பார்கள். எனக்கோ பிறந்து ஒரு வருஷத்திலிருந்தே வலது கால் இடது காலைவிடப் பெரிசு. பெரிசு என்றால் பார்த்ததும் தெரிகிற பெரிசு. பாதம் அகலம், விரல்கள் தடிமன், இரண்டாம் விரல் கட்டை விரலை மிஞ்சி எட்டிப் பார்க்கும். முழங்காலுக்குக் கீழே ஒரு சுற்று கூடுதல். நீளமும் மூன்று விரற்கடை ஜாஸ்தி. இந்தக் காலில் இன்னும் கொஞ்சம் வீக்கம் ஏறினால் யாருக்குத் தெரியும்? எனக்கே தெரியவில்லை.

நான் செய்யும் தொழிலைச் சொன்னால் சிரிப்பீர்கள். செங்கம் ரோட்டில் செருப்புக் கடை வைத்திருக்கிறேன். பௌர்ணமிக்கு மறுநாள்தான் எனக்குத் தீபாவளி. கோயில் வாசலில் விட்ட செருப்பைக் காணாமல், வெயிலில் குதித்துக் குதித்து வருபவர்கள் எல்லாரும் என் கடைப்படியில்தான் ஏறுவார்கள். அப்படிப்பட்ட கடையின் முதலாளிக்கு ஒரு ஜோடிச் செருப்பு பொருந்தாது. இடது கால் ஏழு, வலது கால் பத்து. இரண்டு ஜோடி பிரித்தால்தான் எனக்கு ஒரு ஜோடி. இடது செருப்புக்கு அடியில் மூன்று அடுக்கு ரப்பர் ஒட்டிக்கொண்டால்தான் இடுப்பு நேராக நிற்கும். மிச்சமாகும் இடது பத்தும் வலது ஏழும் மூன்று சாக்கு நிறையக் கடையில் கிடக்கின்றன. என்னைக் கண்ணாடியில் பார்த்தது போல ஒரு ஆள் வந்தால் அத்தனையும் இனாம் என்று பல வருஷமாகச் சொல்லி வருகிறேன். ஒருத்தரும் வரவில்லை.

அந்தக் காலுக்கு ஊரில் இரண்டு விளக்கம் இருந்தன. கிரகணத்தன்று அம்மா வெளியே வந்துவிட்டாள் என்றார்கள் ஒரு பாதிப்பேர். யானைக்கால் என்றார்கள் மறு பாதி. நான் இரண்டாம் கட்சியில் இருந்தேன், யானைக்கால் என்றால் பஸ்ஸில் எழுந்து இடம் விட்டதால். வருஷா வருஷம் யானைக்கால் மாத்திரை கொடுக்க வரும் அக்கா தெருவில் நுழைந்ததும் நேராக என்னிடம் வருவார். நானும் நல்ல பிள்ளையாக வாயைத் திறப்பேன். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, கிருமி இல்லை, பெரிய ஆஸ்பத்திரியில் காட்டுங்கள் என்று ஒருமுறை எழுதியே கொடுத்தார்கள். அந்தச் சீட்டை மடித்துக் கடையில் ஆடிக்கொண்டிருந்த மேசைக்காலுக்கு அடியில் வைத்தேன். மேசை இன்றுவரை ஆடவில்லை.

இதையெல்லாம் கிண்டலாகச் சொல்ல முடிகிறது. ஒன்றை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. எங்களுக்கு ஒரே பெண், யாழினி, வயது எட்டு. அவள் நடக்க ஆரம்பித்த நாளிலிருந்து எனக்கு ஒரே பயம்தான், என் கால் அவளுக்கும் வந்துவிடுமோ என்று. கடையில் பாதம் அளக்கும் பலகை ஒன்று உண்டு. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஸ்கூல் ஷூ சின்னதாகிவிட்டதா பார்ப்போம் என்று அவளை அதன்மேல் ஏற்றி நிறுத்துவேன். இடதை அளப்பேன், வலதை அளப்பேன். இரண்டையும் ஒரு செருப்பு டப்பா மூடியின் உள்பக்கம் எழுதி, டப்பாவை மேல் அலமாரியில் பழைய ஸ்டாக்குக்குப் பின்னால் வைத்துவிடுவேன். ஒருமுறை இடது ஒரு நூலளவு கூடுதலாக இருந்தது. எல்லாருக்குமே ஒரு கால் நூலளவு பெரிதாகத்தான் இருக்கும். இருபது வருஷமாக வாடிக்கையாளர்களுக்கு நானே சொல்லி வருவது அது. ஆனாலும் அடுத்த மாதம் வரைக்கும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அடுத்த மாதம் இரண்டும் ஒன்றாக இருந்தது. மூடியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உள்ளே வைத்தேன்.

என் மனைவி கவிதாவுக்கு இந்தக் கவலை எல்லாம் கிடையாது என்று நினைத்திருந்தேன். பெண் பார்க்கப் போனபோது காலை மறைக்க வேட்டியைத் தரையைப் பெருக்குகிற அளவுக்கு இறக்கிக் கட்டியிருந்தேன். காபித் தட்டோடு வந்தவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தையே, தடுக்கி விழப்போகிறீர்கள், வேட்டியைத் தூக்கிக் கட்டுங்கள் என்பதுதான். அதற்குப் பிறகு என் காலைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவளுக்கு இருந்த ஒரே கோளாறு கொலுசுப் பைத்தியம். வெள்ளிக்கிழமை யாழினிக்குத் தலைக்கு ஊற்றியதும் இரண்டு கொலுசையும் கழற்றுவாள், திருநீறு போட்டுத் தேய்ப்பாள், மறுபடி மாட்டுவாள். வாரம் தவறாது. இப்படித் தேய்த்தால் வெள்ளி கரைந்து நூலாகிவிடும் என்று நானும் வாரம் தவறாமல் கிண்டல் செய்வேன். காதில் போட்டுக்கொள்ளமாட்டாள்.

அந்தப் பௌர்ணமிக்கு நான் நடந்ததும் யாழினிக்காகத்தான். பத்து வயதுக்குள் இரண்டு காலும் ஒன்றாக வளர்ந்துவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, வருஷத்துக்கு ஒருமுறை அந்தக் காலை வைத்துக்கொண்டே சுற்றுவேன். வீட்டில் வியாபார வேண்டுதல் என்று சொல்லி வைத்திருந்தேன்.

நடந்து வந்த மறுநாள் இரண்டு காலும் வலித்தது. அதற்கு அடுத்த நாள் இடது கால் சரியாகிவிட்டது, வலது கால் மட்டும் சூடாக, இறுகிப்போய் வலித்தது. கவிதாவின் தம்பி பாபு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். சவாரிக்கு நடுவில் வந்து காலைப் பிடித்துவிட்டுப் போவான். "இன்னா மாமா, கல்லு மாதிரி கீது" என்றான். மலையைச் சுற்றினால் பஞ்சு மாதிரியா இருக்கும் என்றேன். மூன்றாம் நாள் சாயங்காலம் கடைக்கு இருக்கும் இரண்டே படியில் ஏறியதும் மூச்சு வாங்கியது. விலாவில் யாரோ ஊசி வைத்துத் தைப்பது போல ஒரு குத்து. வாயு என்று முடிவு செய்து ஒரு சோடா குடித்தேன். அடங்கவில்லை, இன்னொன்று குடித்தேன்.

மூன்றாவது சோடாவுக்குக் கவிதா வந்துவிட்டாள். நீலம் பாய்ந்திருந்த என் உதட்டைப் பார்த்தாள். பாபுவைக் கூப்பிட்டாள். ஆட்டோவில் ஏறச் சொன்னாள். கடையைப் பூட்டிவிட்டு வருகிறேன் என்றேன்.

"தொறந்தே கெடக்கட்டும். ஏறுங்க."

ஊர் ஆஸ்பத்திரியில் விரலில் ஒரு கிளிப் மாட்டினார்கள். ரத்தத்தில் எவ்வளவு ஆக்சிஜன் இருக்கிறது என்று அது காட்டுமாம். அதில் வந்த எண்ணைப் பார்த்த டியூட்டி டாக்டர் சிரிப்பதை நிறுத்திக்கொண்டார். அதுவரை நான் சோடாக் கதை சொல்லி அவரைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தேன். மூக்கில் ஆக்சிஜன் வைத்து, ஒரு ஊசி போட்டு, ஆம்புலன்ஸில் வேலூருக்கு ஏற்றிவிட்டார்கள். போளூர் தாண்டும்போது கவிதா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அதற்கு முன்னால் கல்யாணமான புதிதில் சினிமா தியேட்டரில் பிடித்ததுதான். நிலைமை மோசம்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வேலூரில் முதலில் டாப்ளர் ஸ்கேன். காலில் ஜெல்லைத் தடவி ஒரு கருவியால் அழுத்திப் பார்ப்பார்கள். நல்ல ரத்தக்குழாய் அழுத்தினால் சப்பையாகும். என்னுடையது சப்பையாகவில்லை, உள்ளே ரத்தம் கட்டியாக உறைந்திருந்தது. அடுத்து நெஞ்சுக்கு சிடி. கைநரம்பில் ஒரு மருந்தைச் செலுத்திவிட்டுப் படம் எடுப்பார்கள். மருந்து ஏறியதும் உடம்பெல்லாம் சூடாகி, படுத்தபடியே ஒன்றுக்குப் போய் மானம் போய்விட்டது என்று தோன்றும். போயிருக்காது, பயப்படாதீர்கள் என்று முன்கூட்டியே அங்கிருந்த சிஸ்டர் சொன்னார். அப்படியும் எழுந்ததும் கவுனைத் தொட்டுப் பார்த்தேன். போகவில்லை.

காலில் உறைந்த கட்டியிலிருந்து ஒரு துண்டு பிய்ந்து, ரத்தத்தோடு நுரையீரலுக்குப் போய் அடைத்திருக்கிறது என்றார்கள். டாக்டர் கேஸ் ஷீட்டைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். இந்தக் காலை யாராவது அமுக்கினார்களா என்று கேட்டார். நான் பாபுவைப் பார்த்தேன். பாபு சுவரில் ஒட்டியிருந்த கை கழுவும் முறையை ரொம்பக் கவனமாகப் படித்துக்கொண்டிருந்தான். உறைந்த காலை அமுக்கினால் கட்டி பிய்ந்துகொள்ளும், இன்னும் பெரிய துண்டு போயிருந்தால் ஆள் ஆட்டோவிலேயே முடிந்திருப்பார் என்று டாக்டர் நிதானமாகச் சொன்னார். பாபு வெளியே போய்விட்டான். சாயங்காலம் திரும்பி வந்து கட்டிலுக்கு மூன்றடி தள்ளி உட்கார்ந்தான். தண்ணீர் கொடுத்தாலும் கையை நீட்டித்தான் கொடுத்தான், தெரியாமல் என் கால்மேல் பட்டுவிடுமோ என்று. அமுக்கச் சொன்னது நான்தானே என்று எவ்வளவு சொல்லியும் அவன் முகம் தெளியவில்லை. கடைசியில் தலையை அமுக்கிவிடு, அதில் ஒன்றும் இல்லை என்று டாக்டரே சொல்லிவிட்டார் என்றேன். அப்போதுதான் சிரித்தான்.

ரத்தம் மேலும் உறையாமல் இருக்கத் தினமும் இரண்டு வேளை வயிற்றில் ஊசி. தொப்பையைக் கிள்ளிப் பிடித்துப் போடுவார்கள். வாழ்க்கையில் முதல்முறையாக என் தொப்பை யாருக்கோ பயன்பட்டது. பத்து ஊசியில் வயிறு முழுக்கத் திட்டுத் திட்டாக நீலம், ஜில்லா மேப் மாதிரி. இரண்டு காலுக்கும் இறுக்கமான காலுறை போடச் சொன்னார்கள். பாபு மருந்துக் கடையிலிருந்து திரும்பி வந்து, "மாமா, ஜோடியாதான் தருவாங்களாம்" என்றான். அங்கேயும் இரண்டு ஜோடி. நாலாவது சாக்கு ஆரம்பம்.

இரவு வார்டில் பயமாகத்தான் இருந்தது. ஒவ்வொரு மூச்சையும் எண்ணிக்கொண்டு படுத்திருப்பேன், எண்ணாவிட்டால் அடுத்தது வராது என்பது போல. விடிந்ததும் ஜோக்கடிக்க ஆரம்பித்துவிடுவேன். பக்கத்துக் கட்டில்காரர் ஒரு வாரத்தில், வேறு வார்டுக்கு மாற்ற முடியுமா, சிரித்தால் தையல் வலிக்கிறது என்று கேட்டுவிட்டார்.

நாலாம் நாள் ஒரு அம்மா வந்தார். வயதான டாக்டர், சின்ன உருவம், குரல் மட்டும் பெரிசு. பரம்பரை நோய்கள், மரபணுக் கோளாறுகளைப் பார்க்கும் துறை. பின்னாலேயே பத்துப் பதினைந்து மாணவர்கள். என் வலது பாதத்தின் அடிப்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். அங்கே தோல் தடித்து, மடிப்பு மடிப்பாக இருக்கும். சின்ன வயதிலிருந்து இருப்பதுதான், நான் அதைப் பித்தவெடிப்புக்கு அண்ணன் என்று நினைத்திருந்தேன். இது பார்க்க எது மாதிரி இருக்கிறது என்று மாணவர்களைக் கேட்டார். மூளை மாதிரி என்றது ஒரு பெண். சரியான விடையாம், இந்த நோயின் முக்கியமான அடையாளமே அதுதானாம்.

கவிதா கட்டில் ஓரத்திலிருந்து மெதுவாகச் சொன்னாள்: "அதான பாத்தேன். மேல இல்லையேன்னு."

அத்தனை மாணவர்களும் சிரித்தார்கள். அந்த டாக்டரம்மாவும்.

கிட்டத்தட்ட உறுதி, ஆனாலும் சோதித்துப் பார்க்க வேண்டும் என்றார் அவர். ரத்தத்தில் தெரியாது, தடித்த இடத்திலிருந்தே ஒரு துளி சதை எடுக்க வேண்டும். எடுத்தார்கள். முடிவு வர வாரக்கணக்கில் ஆகும் என்றார்கள். ஏதாவது கேட்க வேண்டுமா என்றார்.

இருந்தது. ஒன்றே ஒன்று. வாயைத் திறந்தேன். மறுபடியும் கிரிவலம் போகலாமா டாக்டர் என்று கேட்டேன். இப்போதைக்கு வார்டை வலம் வாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

டிஸ்சார்ஜ் செய்யும்போதும் கேட்டார். என்னைப் போல இடது பத்து, வலது ஏழு உள்ளவர் யாராவது உங்களிடம் வந்திருக்கிறாரா, மூன்று சாக்கு செருப்பு இருக்கிறது என்றேன். கவிதா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்தபின் யாழினியைப் பலகையில் ஏற்ற எனக்குத் தைரியம் வரவில்லை. இதுவரை பெயரில்லாத ஒன்று. இப்போது பெயர் வரப்போகிற ஒன்று. இரண்டு மாதம் மூடியில் ஒன்றும் எழுதவில்லை. கவிதா மட்டும் வெள்ளிக்கிழமையானால் கொலுசைக் கழற்றித் தேய்த்து மாட்டிக்கொண்டிருந்தாள். இந்த வீட்டில் ஒருத்தியாவது நிம்மதியாக இருக்கிறாளே என்று நினைத்துக்கொண்டேன். கிண்டல் செய்யத் தெம்பில்லை.

முடிவு வந்துவிட்டது என்று போன் வந்ததும் நாங்கள் இரண்டு பேரும் வேலூருக்குப் பஸ் ஏறினோம். டாக்டரம்மாவின் அறைக்கு வெளியே நீள பெஞ்சு. டோக்கன் நம்பர் இருபத்தேழு. பதினெட்டு போய்க்கொண்டிருந்தது. ஒரு அம்மா மடியில் வைத்திருந்த குழந்தைக்கு ஒரு கை மட்டும் பெரிதாக இருந்தது. குழந்தை அந்தக் கையால் என் மூக்கைப் பிடித்தது. நல்ல பிடி. அதன் அம்மாவிடம் ஏதாவது ஜோக் சொல்ல நினைத்தேன். வரவில்லை.

உள்ளே போனோம். புரோட்டியஸ் சிண்ட்ரோம் என்று காகிதத்தில் எழுதிக் காட்டினார். மிக மிக அபூர்வம், அதிலும் உங்களுக்கு லேசாக வந்திருக்கிறது, அதிர்ஷ்டக்காரர் என்றார். லாட்டரியில் விழுந்திருக்கலாமே டாக்டர் என்றேன். அவர் சிரிக்காமல் விளக்கினார். இந்த நோய் உள்ளவர்களுக்கு ரத்தம் உறையும் ஆபத்து உண்டு, அதனால் மாத்திரையை ஒரு நாளும் விடக்கூடாது. வளர்ச்சி பெரும்பாலும் சின்ன வயதோடு நின்றுவிடும், இனி அவ்வளவாக வளராது. எலும்பு டாக்டரிடமும் ஒருமுறை காட்ட வேண்டும். வழக்கம்போல, ஏதாவது கேட்க வேண்டுமா என்றார்.

நான் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கவிதா பைக்குள் தண்ணீர் பாட்டிலைத் தேடினாள். பாட்டில் மேலேயே இருந்தது.

"எனக்கு ஒரு பொண்ணு இருக்குது டாக்டர்" என்றேன். கேட்க வேண்டிய கேள்விகூட இல்லை அது, வெறும் தகவல்.

அவருக்குப் புரிந்துவிட்டது. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"வராது. உங்க அப்பா அம்மா உங்களுக்குக் குடுத்தது இல்ல இது. நீங்க உங்க பொண்ணுக்குக் குடுக்கவும் முடியாது."

பிறகு நிதானமாகச் சொன்னார். எனக்குப் புரிந்ததை என் தொழிலில் சொல்கிறேன். கம்பெனியில் பல அச்சுகள் ஓடுகின்றன. வேலை ஆரம்பித்த பிறகு ஒரே ஒரு அச்சு கோணிப்போகிறது. அந்த அச்சிலிருந்து வருவதெல்லாம் பெரிதாக வரும், மற்ற அச்சுகளில் வருவது சரியாகவே வரும். நான் வயிற்றில் ஒரு துளியாக இருந்தபோது அப்படி ஒரு செல்லில் கோளாறு விழுந்திருக்கிறது. அந்த ஒரு செல்லின் வாரிசுகள்தான் என் வலது கால். உடம்பு முழுக்க இந்தக் கோளாறு இருந்தால் கரு தங்கவே தங்காதாம். அதனால்தான் பெற்றவரிடமிருந்து பிள்ளைக்கு இது போவதில்லை. யார் செய்த தப்பும் இல்லை என்றார். கிரகணம் என்று ஆரம்பித்தேன். கிரகணமும் இல்லை என்றார். பெண்ணுக்கு எட்டு வயதா, இரண்டு காலும் சரியாக இருக்கிறதா, அப்புறம் என்ன, சந்தோஷமாக வீட்டுக்குப் போங்கள் என்று மணியடித்து அடுத்தவரைக் கூப்பிட்டார்.

வெளியே வந்ததும் கவிதா பாத்ரூமுக்குப் போனாள். ரொம்ப நேரம் வரவில்லை. வந்தபோது முகம் கழுவியிருந்தாள். புழுக்கம் என்றாள். நானும் புழுக்கம்தான் என்றேன்.

இதைப் படிப்பவர்களுக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். கிரிவலம் போய்வந்து இரண்டு காலும் வலித்தால் அது மலை. ஒரு கால் மட்டும் சூடாக வீங்கி வலித்தால் அது டாக்டர். யாரையும் அமுக்க விடாதீர்கள். பாபு இப்போதெல்லாம் பௌர்ணமிக்கு மறுநாள் ஆட்டோவில் ஏறுபவர்களிடம், ஒரு காலா ரெண்டு காலா என்று கேட்டுவிட்டுத்தான் வண்டியை எடுக்கிறான்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் கவிதாவுக்கு. நீண்ட காலை நடைபாதையில் நீட்ட வசதி என்று இந்தப் பக்கம் எனக்கு. போளூர் தாண்டி, தூரத்தில் மலை தெரிய ஆரம்பித்தது. இனி மறைக்க என்ன இருக்கிறது என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வேண்டுதல் வியாபாரத்துக்கு இல்லை என்றேன். பலகையைச் சொன்னேன், டப்பா மூடியைச் சொன்னேன், அந்த ஒரு நூலளவுக்குப் பட்டினி கிடந்ததையும் சொன்னேன். ஏழு வருஷமாக மாதா மாதம் பாப்பா காலை அளந்துகொண்டிருந்திருக்கிறேன், என்னை மாதிரி ஒரு பைத்தியக்காரன் உண்டா என்று கேட்டேன்.

அவள் மலையிலிருந்து பார்வையை எடுக்கவில்லை.

"நான் வாரா வாரம் அளந்தேன், கொலுசை எடது வலது மாத்தி மாத்திப் போட்டு."